நாலடிச் சந்து

சக்திவேல் சுவரில் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டுவிட்டு, பின்னால் நகர்ந்து பார்த்தார். குளிக்கத் தண்ணீர் சுடவைக்கும் ஹீட் பம்ப்பை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையிலிருந்து வந்திருந்தார்.

“இங்கதான் சார் கரெக்டு. பாத்ரூம் பத்தடியில கீது. மொட்டை மாடில வச்சா, தண்ணி கீழ வர்றதுக்குள்ள ஆறிப்பூடும்.”

வீட்டுக்காரர் வால்டர் சந்தின் எதிர்ப்பக்கம் பார்த்தார். சாந்தோமில் அப்பா விட்டுப்போன மனையை அவரும் தங்கை டெல்பினும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, அடுத்தடுத்து வீடு கட்டியிருந்தார்கள். அவருடைய பழைய வீட்டை இடித்துக் கட்டிய புது வீடு இன்னும் பெயின்ட் பார்க்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாலடிச் சந்து. சாக்பீஸ் சதுரத்துக்கு நேர் எதிரே டெல்பின் வீட்டு ஜன்னல். ஆறு வருடமாக அது மூடியே இருக்கிறது.

பழைய வீட்டிலும் இதே இடத்தில்தான் ஏசியின் வெளிப்பெட்டி இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு மே மாதம், பக்கவாதம் வந்த ஸ்டீவை, டெல்பினின் கணவரை, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து அந்த ஜன்னல் அறையில் படுக்கவைத்திருந்தார்கள். டெல்பின் இந்தச் சந்தில் நின்றுதான் கேட்டாள். “அண்ணே, சூடு நேரா அவர் கட்டில் மேல அடிக்குது. அத மாடிக்கு மாத்திடுங்களேன்.” மெக்கானிக் வரட்டும்மா என்றார். மெக்கானிக் இரண்டு முறை வந்தான். முதல் முறை அதைச் சொல்ல வால்டருக்கு ஞாபகம் இல்லை. இரண்டாம் முறை ஞாபகம் இருந்தது. குழாய் நீண்டால் குளிர்ச்சி குறையும் என்று அவன் சொன்னதும் விட்டுவிட்டார். அறையிலிருந்து எடுத்த வெப்பம் தொலைந்துபோகாது, வெளியே எங்கேயாவது கொட்டத்தான் வேண்டும் என்று பத்தாம் வகுப்புக்கு முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவர் அவர். ஜூனில் ஸ்டீவ் போய்விட்டார். சூட்டினால் என்று டாக்டரும் சொல்லவில்லை, டெல்பினும் சொல்லவில்லை. ஞாயிறு பூசையில் அவள் எதிர்வரிசை பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள், அவ்வளவுதான்.

“எதிர்ல ஜன்னல் இருக்கேப்பா. காத்து அங்க அடிக்காதா?”

“அடிக்கும் சார். ஆனா ஏசி மாதிரி இல்ல இது. காத்துல கீற சூட்ட இஸ்து தண்ணிக்குக் குடுத்துட்டு, ஜில்லுனு வெளிய வுடும். அந்த வூட்டுக்காரங்களுக்கு ஓசி ஏசி!” சக்திவேல் சிரித்தார்.

வால்டருக்கு நெஞ்சுக்குள் ஏதோ லேசானது. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி டோரதியின் குரல் வந்தது.

“அவங்க கேட்டப்ப நீங்க குடுக்கல. இப்ப யார் கேட்டா?”

“அவகிட்டயே கேட்டுட்டு வந்துடறேன்.”

“கேளுங்க. நானும் ஆறு வருஷமா அதத்தான் சொல்றேன்.”

டெல்பின் கதவை முழுதாகத் திறந்தாள். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது; பூசையில் முக்காட்டுக்குள் அது அவருக்குத் தெரிந்ததில்லை. அவர் ஸ்டீவைப் பற்றிச் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, இயந்திரத்தைப் பற்றி மட்டும் சொன்னார். குளிர்ந்த காற்றுதான் வரும் என்பதை இரண்டு முறை சொன்னார்.

அவள் கடைசிவரை கேட்டாள்.

“எங்க வேணா வைங்கண்ணே. அந்த ரூம்ல இப்ப யாரும் படுக்கறதில்ல.” பிறகு, “டீ குடிக்கிறீங்களா?” என்றாள்.

“ஆள் காத்திருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தார். கேட்டைத் தாண்டும்போதுதான், உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது.

சந்தில் சக்திவேல் டிரில்லோடு தயாராக நின்றார். வால்டர் சதுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காற்று போகப்போகிற இடத்தைப் பார்த்தார். இந்த ஆறு வருடத்தில் இத்தனை பக்கத்தில் அவர் அந்த ஜன்னலருகே வந்ததில்லை. கதவிடுக்குகளில் கிழித்த துணியைச் சுருட்டிச் சுருட்டித் திணித்திருந்தார்கள். கொசுவுக்கு என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். நீலக் கட்டம் போட்ட துணி. ஸ்டீவின் லுங்கி. கொசுவுக்கல்ல, ஏசி சூட்டுக்கு அடைத்தது.

“இன்னா சார், ஓட்டை போடவா?”

அவர் விரல் துணியின் ஒரு நுனியைத் தொட்டது. வெயிலில் காய்ந்து அட்டைபோல் விறைத்திருந்தது. இழுத்தால் வந்துவிடும். இழுக்காமல், விரலை எடுக்காமல் நின்றார்.