மாடு படுக்காத மூலை

கல் பொய் சொல்லாது என்று செல்வப்பிரியா நம்பியிருந்தாள். அதை உடைத்தது எது என்பதை உடைந்த விளிம்பே காட்டிக்கொடுத்துவிடும். குளம்பு மிதித்தால் சில்லுகள் இரு பக்கமும் கண்டபடி, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெறிக்கும். மழுங்கிய கல் கத்தியைக் கை தீட்டினாலோ ஒரே பக்கமாக, சீப்பின் பற்கள் போல வரிசையாகப் பெயரும். அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி முழுவதும் இந்த வித்தியாசத்தின் மேல்தான் நின்றது.

பிரான்ஸ் நாட்டுக் குகை ஒன்றில் நியாண்டர்தால் மனிதர்கள் விட்டுப்போன உடைந்த கத்திகளைப் பிசினில் வார்த்தெடுத்த அச்சுகள் அவளிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. கண்ணுக்கு அசல் கல்லேதான். கையில் எடுத்தால்தான் எடை குறைவது தெரியும். பல கத்திகளில் உடைந்த இடத்திலேயே மறுபடியும் தீட்டிய வரிசை இருந்தது. உடைந்ததை அவர்கள் வீசி எறியவில்லை, யோசித்துத் திரும்பப் பயன்படுத்தினார்கள் என்பது அவள் வாதம். ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான, மலையாளம் கலந்து பேசும் அடிமாலிக்காரர் ஜோபி ஒரே கேள்வியில் அதை மடக்கிவிட்டார்.

"குகைக்குள்ள மிருகம் நடந்திருக்கும் அல்லே? மிதிச்சு மிதிச்சே அந்த வரிசை வந்திருந்தா? வராதுன்னு காட்டு. இல்லைன்னா தீசிஸ் இல்ல, கேட்டோ."

அதனால்தான் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருந்த சித்தப்பா அர்த்தநாரியின் வயலுக்கு அவள் வந்தாள். அறுவடை முடிந்ததும் எருவுக்காக இரவெல்லாம் மாடுகளை வயலிலேயே அடைத்து வைப்பார்கள். நான்கு பக்கமும் மூங்கில் படல் கட்டிய அந்தப் பட்டியைவிட நல்ல மிதி எங்கே கிடைக்கும்? வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் சக்கிமுக்கிக் கல் மூட்டையை இறக்கினாள். ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பாள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் விட்டது சொத்தென்று அடங்கிவிடும். நல்லதாகப் பார்த்துக் கத்திகள் செய்தாள். அவற்றின் விளிம்பை மழுக்கி, பாதியாக உடைத்து, சாயங்காலம் பட்டி மண்ணில் பரப்பினாள்.

"அண்ணன் உன்னைய டாக்டருக்குப் படிக்க வெக்கறாருன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறேன் அம்மிணி," என்றார் சித்தப்பா. "நீ என்னடான்னா மாட்டுக்காலுக்கு அடியில கல்லு போடற."

"இதுவும் டாக்டர் பட்டந்தானுங்க சித்தப்பா."

"ஊசி போடுவியா?"

"போட மாட்டனுங்க."

"அப்பறம் என்ன டாக்டரு! எம்மாட்டுக்குக் காலு கிழிஞ்சா ஊசி போடவாச்சும் ஆளு வேணுமில்ல?"

"மழுங்கின கல்லுங்க. ஒண்ணும் ஆகாதுங்க."

காலையில் மாடுகளை ஓட்டிய பிறகு கற்களைப் பொறுக்கி லென்ஸில் பார்த்தாள். எல்லாம் எதிர்பார்த்தபடியே கண்டபடி தெறித்திருந்தன, ஒன்றைத் தவிர. அதன் உடைந்த விளிம்பில் சீப்புப் பல் போல ஒரு வரிசை, ஒரே பக்கமாக. இதை மாடு செய்திருந்தால் மூன்று வருடமும் வீண்.

ஆனால் தீட்டும்போது குருணை அளவில் சில்லுகள் உதிரும். மாடு செய்திருந்தால் அவை பட்டி முழுக்கச் சிதறியிருக்க வேண்டும். கொசுவலைத் துணி கட்டிய சல்லடையில் பட்டி மண்ணை இடம் இடமாகச் சலித்தாள். எங்கும் இல்லாத குருணைச் சில்லுகள் வடகிழக்கு மூலையில், மண்ணின் மேலேயே, விசிறி விரித்தாற்போலக் கிடந்தன. நடுவில் மட்டும் சில்லே விழாத இரண்டு பட்டைகள். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கல் தீட்டுபவர்களின் கால்கள் மறைத்த இடம் இப்படித்தான் வெறுமையாக இருக்கும். அந்த மூலையில் சாணம் இல்லை. குளம்புத் தடமும் இல்லை.

"அந்த மூலையில மாடு படுக்கறதில்ல அம்மிணி," என்றார் சித்தப்பா. "பட்டி போட்டதுலருந்தே ஒதுங்கிக்குது."

"பாம்பு இருக்குங்களா?"

"பாம்பா இருந்தா மெரண்டு கத்துமே. இதுக கத்தறதில்ல. அந்தப் பக்கம் பாத்துட்டுச் சும்மா நிக்குது."

அவள் அங்கே உட்கார்ந்து, வெறும் பட்டைகளின் மேல் கால்களை நீட்டினாள். பொருந்தவில்லை. அவள் காலைவிடப் பட்டை மிகவும் குட்டை; அகலமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படிப்பட்ட கால் எலும்புகளை அவள் படங்களில் அளந்திருக்கிறாள். ஆனால் அந்தக் குகை மனிதர்கள் இந்தப் பக்கம் வந்ததாக இதுவரை ஓர் எலும்புகூடச் சொல்லவில்லை. ஊரில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைக்கப் பார்த்தாள். அப்படி ஒரு வரிசையைப் பெயர்க்க அவளுக்கே இரண்டு வருடப் பழக்கம் தேவைப்பட்டிருந்தது.

மாடா, கையா? பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மாட்டுக்குக் கல்லும் ஒன்றுதான், பிசினும் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே மாதிரி மிதிக்கும். கை அப்படியில்லை. எடுக்கும், எடை பார்க்கும். அன்று சாயங்காலம் உடைந்த கற்களுக்கு நடுவே ஒரு பிசின் அச்சையும் போட்டு வைத்தாள்.

மறுநாள் காலையில் கற்கள் எல்லாம் மிதிபட்டுக் கிடந்தன. அச்சைக் காணோம். பட்டி முழுக்கத் தேடிவிட்டு, கொட்டகையில் கிடக்கும் மண்வெட்டியை எடுத்துவரத் திரும்பினாள். வீட்டுக்குப் போகும் வரப்பின் மேல், கால் வைக்கும் இடத்தில், அது இருந்தது. விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று அழுத்தல்கள். பிசின் பெயராமல் நசுங்கியிருந்தது. மூன்றோடு நின்றிருந்தது. தேங்காயைத் தட்டிப் பார்த்து, இது ஆகாது என்று கடைக்காரனிடமே திருப்பி வைப்பதைப் போல, அவள் வரும் வழியில் வைக்கப்பட்டிருந்தது.

கைபேசி அடித்தது. ஜோபி.

"எந்தாயி? வரிசை வந்துதோ?"

"ஒரு கல்லுல வந்துச்சு சார். ஆனா அது மாடு பண்ணினதில்ல."

"உறுதியா?"

"உறுதி."

"அப்போ நீ ஜெயிச்சு! அந்த ஒரு கல்ல ஒதுக்கி வெச்சிட்டு பாக்கிய எழுது."

எழுதலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் கையிலிருந்த அச்சைப் பார்த்தாள்.

"முடியாது சார். இந்தப் பட்டியே கணக்குல சேராது. வேற கை பட்டிருச்சு. வேற ஊர்ல முதல்லருந்து செய்யறேன்."

"இன்னும் ஒரு வருஷம் போகும், கேட்டோ."

"போகட்டும் சார்."

"சரி, ஆரோட கை?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே சித்தப்பா படலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மேய விட்ட மாடுகள் மேயாமல் நின்றன. இன்று அவை அந்த மூலையைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, வரப்பு போய்ச் சேரும் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது, சொத்தென்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று. அதுவும் சொத்தென்று.

பிறகு, கணீரென்று ஒரு கல்.