பேசாமல் பார்த்த வகுப்பு

அரசலாற்றின் கழிமுகத்தில் காலை வெயில் உருக்கிய பொன்னென விரிய, கிளிஞ்சல்மேட்டுப் படகுகள் ஒவ்வொன்றாய்க் கரை சேர, நெரவி வயல்களின் ஈரத்தைச் சுமந்த காற்று காரைக்காலின் நேர்த்தெருக்களில் புகுந்து திரிந்த வேளையில், என் கணவர் கைலாசநாதன் மூக்குக்கண்ணாடியை என் சேலைத் தலைப்பில் துடைத்தவாறே, "இன்னிக்கு என் கிளாசுக்கு எத்தன மார்க்கு போடுவே, நீலா?" என்று கேட்டார்.

"புருஷன்னு பாக்கமாட்டேன். தப்புன்னா தப்புதாங்க" என்றேன். சிரித்தார்.

கற்றறிந்தோரே, எங்கள் பள்ளியில் ஆசிரியர் நால்வர் கூடிக் கற்றல் வட்டம் ஒன்று அமைத்திருந்தோம். ஒருவர் பாடம் நடத்த, ஏனையோர் பின்வரிசையில் அமர்ந்து, கண்டதையெல்லாம் மணியும் நிமிடமும் இட்டு எழுதி, மாலை நான்கு மணிக்குக் கூடிப் படித்து, பிள்ளைகள் எங்கே இடறினர் என ஆராய்வது எம் வழக்கம். பார்வையாளர் வகுப்பில் வாய் திறக்கலாகாது. மாலைக் கூட்டம் வரையில் பாடம் நடத்தியவரோடு பேசலுமாகாது. நடுநிலை பிறழாதிருக்க இவ்விரு விதிகளையும் வகுத்தவள் நானே.

அன்று ஏழாம் வகுப்பில் பின்னக் கூட்டல். வட்டத் தாள்களை மடித்தும் கிழித்தும் அவர் விளக்க, பிள்ளைகள் மலர்ந்த முகத்தோடு பின்தொடர்ந்தனர். பத்து மணி பன்னிரண்டாம் நிமிடத்தில் சுண்ணக்கோல் அவர் கையிலிருந்து நழுவியது. எடுத்தார்; மீண்டும் நழுவியது. சொற்கள் நாவில் குழைந்து உருத்தெரியாமல் உதிர்ந்தன. வகுப்பு சிரித்தது. முன்வரிசை நஜீபா மட்டும் சிரியாமல் திரும்பி, "டீச்சர், சார் வாய் ஒரு பக்கமா போவுதுங்க டீச்சர்" என்றாள். உதட்டில் விரல் வைத்து அவளை அடக்கினேன். குனிந்து, 'உச்சரிப்பில் தெளிவில்லை. வகுப்பு கட்டுக் குலைந்தது' என்று திருத்தமான கையெழுத்தில் எழுதினேன்.

பாட முடிவில் பிள்ளைகளிடம் கணக்குத் தாள் கொடுத்து வாங்கினோம். பாடம் நடத்துபவர்க்கு அன்று வேறு வகுப்பில்லை. நூலக அறையில் மேசைமேல் தலை சாய்த்துக் கிடந்தார். குறை நேர்ந்த வாட்டம் என்றெண்ணி, உணவுக் கலத்தை அருகே வைத்து, ஒரு சொல்லும் உரைக்காமல் திரும்பினேன். மாலையில் சுவரோரமாய் மெல்ல வந்து அமர்ந்தார். அதையும் என்மேல் கொண்ட ஊடலென்றே கருதினேன்.

அறிவியல் ஆசிரியர் நூர் அகமது தம் குறிப்பைப் படித்தார். "சாக்பீசு ரெண்டு தடவ கீழ விழுந்துச்சு. என்ன சார், டீச்சர் வீட்ல வேல ஜாஸ்தி வாங்குறாங்களா?" தலைமையாசிரியை மெஹர் பானு நகைத்தார், நானும் நகைத்தேன். மறுமொழி கூற எழுந்தவர், அடி அறுபட்ட வாழையென என் காலடியில் சரிந்தார்.

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டதென்றார் மருத்துவர். "எப்ப ஆரம்பிச்சுதுன்னு யாருக்காச்சும் தெரியுமா? நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஊசி போட்டுருக்கலாம்."

கைப்பையிலிருந்த என் குறிப்புத் தாளை நீட்டினேன். படித்தவர் நிமிர்ந்து, "பக்கத்துலயேவா இருந்தீங்க?" என்றார்.

மறுநாள் என் கணவர் மறைந்தார்.

பிறர் பிழை காணத் தீட்டிய கண்ணுக்கு அவர் துன்பம் புலப்படாமற் போவதுண்டு, எனக்குப் போயிற்று. வட்டம் இன்றும் கூடுகிறது. பேசலாகாதென்னும் விதியை மட்டும் நீக்கிவிட்டார்கள். நஜீபா என்னைக் கண்டால் தலை குனிந்து விலகுகிறாள்.

அன்றைய கணக்குத் தாள்களை நாற்பது நாள் கழித்துத் திருத்தினேன். முந்திய மாதம் ஒன்பதின்மரே சரியாகக் கூட்டிய வகுப்பில், சரியாகக் கூட்டியிருந்தவர் முப்பத்தொருவர். மீண்டும் எண்ணினேன். முப்பத்தொருவர்தாம்.