பதினொன்றரையிலிருந்து இரண்டரை வரை

அப்பா செத்து முப்பத்தெட்டாம் நாள், அண்ணனின் கப்பல் எங்கள் ஊருக்கே வந்து நின்றது. கொச்சிக்குப் போக வேண்டிய கப்பல். ஏதோ காரணம் சொல்லி விழிஞ்ஞத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.

அண்ணன் பிரஜினுக்கு அப்பா செத்தது தெரியாது. நாங்கள் சொல்லவில்லை.

உல்லாசக் கப்பலின் சலவைக்கூடத்தில் அவனுக்கு வேலை. ஒன்பது மாத ஒப்பந்தத்தில் ஐந்து முடிந்திருந்தது. சித்தப்பா மகன் பிரவின்ராஜ் இதே மாதிரி வேலையிலிருந்து, தன் அம்மாவை அடக்கம் செய்ய நடுவில் இறங்கி வந்தவன். அதற்குப் பிறகு ஏஜெண்டு அவன் போனை எடுக்கவே இல்லை. இப்போது தம்பானூரில் ஒரு லாட்ஜில் பக்கெட் தூக்குகிறான். அப்பாவின் பெட்டியை மூடும் முன்பே அம்மா சொல்லிவிட்டாள்: "எனக்க பிள்ளைக்கு அந்த கெதி வரண்டாம். முடிச்சிட்டு வந்து அழட்டும்."

எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அந்த டிகிரி எதற்கு உதவியது என்றால், பொய்யை ஓட்டையில்லாமல் கட்ட. அப்பாவுக்குத் தொண்டையில் கோளாறு, அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இது நான் எழுதியது. கப்பல் வைஃபையில் வீடியோ வராது, அது வசதியாகப் போயிற்று. அப்பாவுக்கு டைப் செய்யத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் குரல்தான் பதிந்து அனுப்புவார், நான் ஹாஸ்டலில் படித்தபோது எனக்கும் அப்படித்தான். எல்லாம் அவர் போனில் இருந்தன. எனக்கு வந்த பழையதில் ஒன்றை அதிலிருந்தே வாராவாரம் அண்ணனுக்கு அனுப்பினேன். "மக்கா, தின்னியா? வெயிலத்து நிக்கண்டாம். இங்க எல்லாருக்கும் சொகந்தான். வச்சிருதேன்." அடக்கத்துக்கு மறுநாள் போனது அதுதான்.

கப்பல் வருவது அண்ணன் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். நான் வேலை பார்க்கும் டூர் கம்பெனிதான் அந்தப் பயணிகளுக்கு பஸ் விடுகிறது. 'எட்டு மணி நேரத்தில் திருவனந்தபுரம்' என்ற துண்டுப் பிரசுரம் என் கைவண்ணம். ஏழரைக்குக் கப்பலடியில் பஸ், ஒன்பது மணிக்குக் கோயில் வாசல், பத்தரைக்கு மியூசியம், பன்னிரண்டுக்கு வாழையிலைச் சாப்பாடு, இரண்டுக்குக் கோவளத்தில் எண்ணெய்த் தடவல், மூன்றரைக்குத் திரும்பக் கப்பல். பயணிகளுக்கு எட்டு மணி நேரம். அவர்கள் படுக்கை விரிப்பைத் துவைக்கிறவனுக்கு மூன்று, அதுவும் கேட்டுக் கேட்டு.

வீட்டில் அம்மாவும் ஒரு பிரசுரம் தயாரித்திருந்தாள். விடிந்ததும் சுவரிலிருந்த அப்பா படத்தை, சுற்றியிருந்த சின்ன பல்புச் சரத்தோடு கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"அவியள ஆஸ்பத்திரில சேத்திருக்குன்னு பறயணும். ஐசியூ. ஆரையும் காட்டமாட்டாவ. கேட்டியா? நீ அவன ஜங்ஷன் வழி கொண்டு வரண்டாம். பள்ளிக்கப் பொறத்தால உள்ள வழியே வா."

ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் இருந்தது. அப்பா சுமட்டுத் தொழிலாளி, லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். யூனியன்காரர்கள் நீலச் சட்டையோடு அவர் சிரிக்கிற படத்தைப் போட்டு, மலையாளத்தில் 'ஆதராஞ்சலிகள்' என்று ஆளுயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். ஒரு நாளைக்கு மட்டும் அவிழ்க்கச் சொல்லிக் கேட்டேன். "நாப்பத்தொண்ணு கழியட்டும் மோளே, நாங்களே மரியாதையா எடுத்துக்குவோம்" என்றார்கள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்களுக்கு ஏது நாற்பத்தொன்றாம் நாள். மரியாதையோடு என்ன சண்டை போடுவது?

"இது சரியில்ல அம்மா. மூணு மணி நேரம் வாறான். மொகத்தப் பாத்துப் பொய் சொல்ல என்னால ஒக்காது."

"இத்தற நாளும் ஒத்துதே?"

நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

பதினொன்றரைக்கு விட வேண்டியவனைப் பன்னிரண்டேகாலுக்குத்தான் விட்டார்கள். துறைமுகக் கேட்டுக்கு வெளியே வந்தவன் என்னைப் பார்த்ததும், "எட்டி ஷீலா, ஹெல்மெட்டு வச்சா உனக்க தல பூசணிக்கா கணக்கா இருக்கு" என்றான். கை வெளுத்துச் சுருங்கியிருந்தது, அந்த ஊறல் போகவே போகாது போல. தோளில் ஒரு பை. வண்டியில் ஏறியதும் பையை மடியில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினான். சூப்பர்வைசரைத் திட்டினான். அம்மா என்ன மீன் வாங்கினாள் என்று கேட்டான். நெய்மீன் என்றேன். அது உண்மை.

"எல்லாவனும் ஊரு சுத்த எறங்குதான். நான் அப்பாவ மட்டும் பாத்தா போதும்னு வந்தேன். தொண்ட எப்படி இருக்கு?"

நான் ஹார்ன் அடித்தேன். முன்னால் யாருமில்லை.

"பாரு இத." பின்னாலிருந்து என் தோளுக்கு மேல் ஒரு தகர டப்பாவை நீட்டினான். "தொண்டைக்கு உள்ள மிட்டாய். நல்ல சாதனம், பிலிப்பைன்காரன் ஒருத்தன் சொன்னான். அப்பா பேச்சு முன்ன மாதிரி இல்லல்லா? சத்தம் ஒருமாதிரி தூரத்துல கேக்குது. நாலு டப்பா வாங்கினேன். ஒவ்வொரு துறமுகத்துலயும் ஒண்ணு."

தொண்டை வலியைக் கண்டுபிடித்தவள் நான். இல்லாத அந்த வலிக்கு இவன் நான்கு ஊரில் மருந்து தேடியிருக்கிறான்.

வழி பிரியும் இடம் வந்தது. இடது பக்கம் திரும்பினால் சர்ச்சுக்குப் பின்புறம், அம்மா சொன்ன வழி. நான் திரும்பவில்லை. நேராக ஜங்ஷனுக்குப் போய், ஃப்ளெக்ஸுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். வாயால் சொல்லத் தைரியமில்லாதவள் செய்த காரியம் அது. அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

அண்ணன் இறங்கினான். கொஞ்ச நேரம் நீலச் சட்டையைப் பார்த்தான். பிறகு கீழே இருந்த தேதியை விரலால் தொட்டான்.

"போன ஞாயிறு பறஞ்சது?"

"பழசு. நான் அனுப்பினது."

"அதுக்கு முந்தினது?"

"அதும்."

"தொண்டை?"

"ஒண்ணுமில்ல அண்ணா. லோடு எறக்கிட்டு இருந்தப்ப நெஞ்சு அடைச்சுது. அரை மணி நேரம்கூட இல்ல."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீக்கடையிலிருந்து யூனியன்காரர் ஒருவர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தார். அவன் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறி, "சவக்கோட்டைக்கு விடு" என்றான்.

கல்லறை மண் இன்னும் இறங்கியிருக்கவில்லை. சிலுவையில் சுண்ணாம்பால் 'ராஜையன்' என்று மட்டும் எழுதியிருந்தது. அடக்கத்தன்று எல்லோரும் ஒரு பிடி மண் போட்டோம். அவன் அன்று போடாததை இப்போது போட்டான். பிறகு பக்கத்துக் கல்லறையின் திண்டில் உட்கார்ந்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தான். அழவில்லை. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

என் போன் அடித்தது. அம்மா. எடுக்கும் முன் அவன் பிடுங்கினான்.

"அம்மா, நான் பிரஜின்... இல்லம்மா, கரைக்கு விடல்ல. பாஸ் கிட்டல்ல... ஷீலாவா? கேட்டுக்கு வந்தா, கம்பி வழியா போனத் தந்தா... அழாத. நாலு மாசம்தானே? ஆங், ஐசியூவா? செரி. அப்பாட்ட பறயணும், தொண்டையப் பாத்துக்கன்னு."

அவன் போனை வைத்ததும் கத்தினேன். "எதுக்கு? அவ மீன் கறி வச்சிட்டு வாசல்ல நிக்கா. நீயுமா?"

"எனக்க மொகத்தப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சு போவும். அவ மொகத்தப் பாத்தா நான் கப்பல்ல கேற மாட்டேன்." போனை என் கையில் வைத்தான். "தொடங்கினது நீ. நீயே நடத்து. ஞாயிற்றுக்கிழம எனக்கு அப்பாக்க சத்தம் வரணும். உள்ளதெல்லாம் ஒவ்வொண்ணா அனுப்பு."

கேட்டில் இறங்கும்போது பையை என்னிடம் தந்தான். இரண்டு இருபது. பத்து நிமிடம் மிச்சம் வைத்து உள்ளே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். "விடல்லியாம் பாவிகள். ஒருவிதத்துல நல்லதாப் போச்சு. நேருல பொய் பறயாண்டாமே" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நான்கு டப்பாவையும் அவள் முன்னால் வரிசையாக வைத்தேன்.

"வந்தான். எல்லாம் தெரியும் அவனுக்கு. நான்தான் ஜங்ஷன் வழி கொண்டு போனேன். கல்லறையில இருந்தான்."

அம்மா ஒரு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.   பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கப்பல் நாலுக்குத்தானே?"

"ஆமா. ஆனா அவன் உள்ள—"

அவள் கேட்கவில்லை. எழுந்து அடுக்குத் தூக்குவாளியைக் கழுவி, சோறு ஒரு தட்டு, மீன் கறி ஒரு தட்டு, மரச்சீனிக் கிழங்கு ஒரு தட்டு என்று அடுக்கினாள். கறி கையில் கொட்டியது. "ஓடு" என்றாள்.

மூன்று நாற்பதுக்குக் கேட்டில் நின்றேன். கடைசி பஸ்ஸிலிருந்து வெள்ளைக்காரர்கள் எண்ணெய் மினுங்க இறங்கினார்கள். ஒருவர் கையில் என் பிரசுரம் விசிறியாகியிருந்தது. காவலாளி வாளியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஸ்டாஃபொக்கே கேறிக் கழிஞ்ஞு மோளே. ஃபுட் கடத்தி விடில்ல." ஆட்கள் எல்லோரும் ஏறியாயிற்றாம், சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்களாம்.

அப்பாவின் போன் என் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. என் போனை எடுத்துப் பதிந்தேன்.

"அண்ணா, நான் ஷீலா. அம்மைக்குத் தெரியும், நான் சொல்லிட்டேன். சோறு கொண்டு கேட்டுல நிக்கேன், உள்ள விடல்ல. அப்பாக்க சத்தம் எல்லாத்தையும் ஒண்ணா அனுப்புதேன், நீயே வச்சுக் கேட்டுக்க. வாராவாரம் எடுத்து அனுப்ப என்னால ஒக்காது."

கப்பல் ஊதியது. செய்தியின் பக்கத்தில் ஒற்றை டிக் மட்டும் நின்றது. வாளி இன்னும் சூடாக இருந்தது. கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது டிக்குக்காக நின்றேன்.