ஆயில் துடைத்த தேதித்தாள்கள்

அன்று அந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம், சுழல் நாற்காலியில், சர்வீஸ் மேனேஜர் சித்தார்த். இந்தப் பக்கம் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளில் சன்னலோரமாக நாகஜோதி, மடியில் ரெக்ஸின் பை. அடுத்ததில் அவள் கணவன் சிவக்குமார், எந்த நேரமும் எழுந்துவிடுகிறவனைப் போல விளிம்பில். சுவரை ஒட்டி ஒரு சோபா கிடந்தது. அதில் உட்கார வேண்டிய மெக்கானிக் பீர் முகமது தன் கைலியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அவர்களுக்காகக் கோரிப்பாளையத்தில் தன் பட்டறையிலிருந்து நேரே வந்தவர். இடுப்பிலிருந்து முழங்கால் வரை கிரீஸ். டீப்பாயில் கிடந்த பேப்பரை எடுத்து விரித்து, சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவது ஆளாகச் சொல்வதென்றால் அவர்களுடைய பிக்கப் வண்டி. கண்ணாடிக்கு அப்பால், பின்தொட்டியில் தேங்காய் நார் ஒட்டியபடி, தலையைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றது. பேச்சு அதைப் பற்றித்தான்.

சித்தார்த் கணினியைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான். டிசம்பர் ஒன்பதாம் தேதி ஒத்தக்கடைப் பக்கம் வண்டி நின்றுபோனது, இன்ஜின் ஜாம். உள்ளே ஆயில் மேல்கோட்டையும் தாண்டி இருந்தது, தண்ணீராய் நீர்த்தும் இருந்தது. ஆகவே வெளியே யாரிடமோ மட்டமான ஆயிலை வாங்கி, அதையும் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள். வாரண்டி கிடையாது. செலவை ஏற்றுக்கொண்டால் வேலையை ஆரம்பிக்கலாம், இல்லையென்றால் வண்டியை எடுத்துப் போகலாம்.

ஒரு சொட்டுக்கூட வெளியே ஊற்றவில்லை என்று சிவக்குமார் மூன்று முறை சொன்னான். மூன்றாவது முறை எழுந்து நின்று சொன்னான். தவணை இன்னும் பாதி நிற்கிற வண்டி. இன்ஜின் செலவைத் தலையில் கட்டினால் வண்டியை விட்டுவிட்டு மறுபடி அடுத்தவன் லாரிக்கு டிரைவராகப் போக வேண்டியதுதான் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பீர் முகமது தரையிலிருந்தே, தான் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி மோந்து பார்த்ததாகவும், டீசல் வாடை குப்பென்று அடித்ததாகவும் சொன்னார். டீசல் எங்கிருந்தோ கசிந்து ஆயிலோடு கலந்திருக்கிறது; அளவு ஏறியதும் அதனால்தான், ஆயில் நீர்த்ததும் அதனால்தான்.

"பாய், மோந்து பாத்ததுக்கெல்லாம் கம்பெனி வாரண்டி குடுக்காது," என்றான் சித்தார்த். "எழுத்துல ஏதாச்சும் இருந்தா அனுப்புங்க. பாப்பாங்க."

நாகஜோதி பையிலிருந்து பேனாவை எடுத்தாள். யாருக்கு அனுப்ப வேண்டும், என்ன விலாசம், எந்தத் தேதிக்குள் என்று கேட்டாள். சென்னையிலுள்ள வாரண்டிப் பிரிவு, இருபத்து நான்காம் தேதி கோப்பை மூடிவிடுவார்கள் என்று அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். பிறகு, அந்தத் தேதி வரை இன்ஜினில் யாரும் கை வைக்க மாட்டோம் என்று எழுதி சீல் வைத்துத் தரச் சொன்னாள். அப்படியெல்லாம் வழக்கமில்லை என்றான் அவன். அவள் எழுந்திருக்கவில்லை. டீ வந்தது, போனது. வெளியே இரண்டு பேர் காத்திருந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அவன் அரைத் தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டான். சீல் மங்கலாக விழுந்திருந்ததைக் காட்டி, இன்னொரு தடவை வைக்கச் சொன்னாள்.

அலங்காநல்லூர் திரும்புகிற பஸ்ஸில் சிவக்குமார் கேட்டான், எழுத்தில் நம்மிடம் என்ன இருக்கிறது என்று.

"சாமி வச்சிருக்கு," என்றாள்.

அது இப்படி. அவர்கள் வீட்டு நிலைப்படிக்குப் பக்கத்தில் தினசரி காலண்டர் தொங்குகிறது. தேங்காய் மண்டியில் கொடுத்தது. ஒவ்வொரு தாளின் தலையிலும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு முருகன். வண்டி வாங்கின நாளிலிருந்து சிவக்குமாருக்கு ஒரு பழக்கம். காலையில் எழுந்ததும் அன்றைய தேதித் தாளைக் கிழிப்பான். அந்தத் தாளோடு வண்டிக்குப் போய், ஆயில் கம்பியை உருவி, அதன் நுனியைத் தாளின் கீழ் ஓரத்தில் வைத்து, தாளை மடித்து ஒரு அழுத்து அழுத்தித் துடைப்பான். சாமி படத்தில் ஆயிலைத் துடைக்கிறானே என்று முதல் மாதமே அவள் சண்டை போட்டாள். பின்பக்கத்தில்தான் துடைக்கிறேன் என்றான் அவன். துடைத்த தாளை அவன் கண்ட இடத்தில் போட்டுக் கால்பட்டால் ஆகாது என்று அவள் எல்லாவற்றையும் அடுக்களைக் கம்பியில் குத்திவைத்தாள். போகி அன்று மொத்தமாகக் கொளுத்துவது கணக்கு. இந்த வருடத்துப் போகிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தாள்களைக் கம்பியிலிருந்து இறக்கினாள். அக்டோபர் பதின்மூன்றாம் தேதி கம்பெனியில் கடைசி சர்வீஸ் விட்டார்கள். அந்த பில்லில், வண்டி இழுக்கவில்லை என்று சொன்னதற்காக இன்ஜெக்டரை, அதாவது டீசலைப் பீய்ச்சுகிற குழலை, கழற்றி மாட்டியதாக ஒரு வரி இருந்தது. ஆகவே பதினான்காம் தேதியிலிருந்து தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பினாள். பறக்காமலிருக்க அங்கங்கே கொட்டாங்கச்சி.

தாளுக்கு ஒரு கறுப்புக் கோடு, முன்பக்கமும் ஊறித் தெரிந்தது. ஆயில் கம்பியில் அளவு காட்டும் மேல்வெட்டும் கீழ்வெட்டும் இரண்டு சிறு பொட்டுகளாகப் பதிந்திருந்தன. முதல் வாரம் கோடு மேல்பொட்டோடு நின்றது. அடுத்த வாரம் பொட்டைத் தொட்டுத் தாண்டியது. நவம்பர் பாதியில் பொட்டுக்கு மேல் ஒரு விரற்கடை. டிசம்பரில் கோடு கிட்டத்தட்ட முருகனின் காலடி வரை ஏறியிருந்தது. ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்புக் கோட்டைச் சுற்றி வெளிறிய ஈரக்கரை ஒன்று, கோலத்துக்குக் காவி கட்டியதுபோல. அக்டோபர் தாளில் அது நூலளவு. டிசம்பர் தாளில் இரண்டு விரல்.

எண்ணிப் பார்த்தாள். ஐம்பத்தேழு இருக்க வேண்டும், ஐம்பத்தாறுதான் இருந்தன. டிசம்பர் எட்டு இல்லை.

"அன்னைக்குத் துடைக்கலையா?"

அவசரத்தில் விட்டிருப்பேன் என்றான் சிவக்குமார். சொல்லிவிட்டுத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் மற்றதைச் சொன்னான். ஆயில் ஏறுவது அவனுக்கு நவம்பரிலேயே தெரியும்.

"ஆயில் கொறைஞ்சாத்தானே பயம். எல்லாரு வண்டியும் குடிக்குது, நம்ம வண்டி குடிக்காம மிச்சம் வைக்குதுன்னு நெனச்சேன். டீக்கடையில பேயாண்டி அண்ணேங்கிட்டப் பெருமை வேற பேசினேன். இம்புட்டு கிறுக்கனா இருந்திருக்கேன்."

டிசம்பர்த் தாள்களை மட்டும் எடுத்துவிடலாமே என்றான். அளவு ஏறியதைப் பார்த்தும் ஓட்டினான் என்று அவை அவனுக்கு எதிராகத்தான் பேசும். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நாகஜோதி அந்த ஒன்பது நாள் இடத்தை இரண்டு கைகளையும் விரித்து மறைத்துப் பார்த்தாள். மறைத்தபோது ஒரு பக்கத்துப் பல்லெல்லாம் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

"தேதின்னா ஒண்ணு பின்னால ஒண்ணு வரணும். வண்டி நிக்கிறதுக்கு முந்தி ஒம்பது நாளைக் காணோம்னா மொத்தத்தையும் நம்ம உக்காந்து தேய்ச்சதுன்னுதான் சொல்லுவாங்க," என்றாள். "நீங்க தெரியாமச் செஞ்சதை நான் தெரியாமச் செஞ்சதுன்னே எழுதுறேன்."

மறுநாள் தாள்களோடு கோரிப்பாளையம் போனார்கள். பீர் முகமது கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அவற்றைத் தொட்டார். ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தார். கறுப்பை விட்டுவிட்டார், டீசல் வண்டியில் புது ஆயிலே நாலு நாளில் கறுத்துவிடும், அதைக் காட்டினால் சிரிப்பார்கள். பார்க்க வேண்டியது அந்த வெளிறிய கரையைத்தான் என்றார். நல்ல ஆயில் தாளில் வைத்த இடத்திலேயே கிடக்கும். டீசல் கலந்தால் நிற்காது, பரவும். சொன்னால் போதாது, செய்து காட்ட முடியுமா என்று நாகஜோதி கேட்டாள். அதற்காகவே காலண்டரின் கடைசி இரண்டு தாள்களைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தாள்.

பட்டறையில் நின்ற வேறொரு வண்டியின் நல்ல ஆயிலில் ஒரு சொட்டை முப்பதாம் தேதியிலும், அதே ஆயிலில் டீசல் கலந்து ஒரு சொட்டை முப்பத்தொன்றாம் தேதியிலும் வைத்தார்.

"முருகன் இந்தப் பக்கம், நம்ம பிறை தேதியும் கீழ போட்டிருக்கான். ரெண்டு பேரும் சாட்சி. இனி என்ன மாப்ள, மூஞ்சியத் தூக்கு," என்றார் சிவக்குமாரிடம்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தார்கள். முப்பதாம் தேதிச் சொட்டு கால் ரூபாய் அளவில் அப்படியே கிடந்தது. முப்பத்தொன்றாம் தேதியில் அதைச் சுற்றி அகலமாக ஒரு வெளிறிய வட்டம். டிசம்பர்த் தாள்களில் இருந்த அதே கரை. இதைத் தன் கையால் செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நாகஜோதி சொன்னபோது பீர் முகமது தாடியைச் சொறிந்தார். அந்த சர்வீஸ் சென்டரிலிருந்துதான் அவருக்கு வெல்டிங் வேலை வருகிறது.

"தங்கச்சி, அந்த வேலை நின்னுபோகுமே," என்றார். அவள் வற்புறுத்தவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் அண்ணே என்று தாளை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு நின்றாள். அவர் போய் ஒரு வண்டிக்கு நட்டை முடுக்கினார். திரும்பி வந்தார். "வெல்டிங் மிஷினு எங்கிட்டத்தானே இருக்கு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் எழுத அவளுக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று போட்டு, ஒவ்வொரு பத்திக்கும் எண் கொடுத்தாள். அழுகை, கெஞ்சல் எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. சர்வீஸ் நடந்த தேதி. பில்லில் உள்ள வரி. தாளில் துடைக்கிற பழக்கம் எப்படி வந்தது. ஏறிய அளவு, வாரம் வாரியாக. ஓட்டுநர் அளவு ஏறுவதைக் கண்டும் அதைக் கெடுதலென்று அறியாமல் ஓட்டினார். டிசம்பர் எட்டாம் தேதித் தாள் கிடைக்கவில்லை. கடைசியாகக் கோரிக்கை: இன்ஜெக்டரையும் அதன் குழாய்களையும் பீர் முகமது முன்னிலையில் சோதிக்க வேண்டும், கசிவு இருந்தால் இன்ஜினை வாரண்டியில் சரிசெய்து தர வேண்டும்.

ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தாள். கறுப்புக் கோடு விழுந்தது, வெளிறிய கரை விழவில்லை. அசலைத்தான் அனுப்ப வேண்டும். மொத்தத்தையும் அனுப்பி, வரவில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. ஆகவே ஒற்றைப்படைத் தேதிகள் இருபத்தொன்பதையும் உறையில் வைத்தாள். இரட்டைப்படைத் தேதிகள் இருபத்தேழும் தன்னிடம் உள்ளன, எந்த நாளும் வந்து பார்க்கலாம் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்தாள்.

பத்தொன்பதாம் தேதி தல்லாகுளம் தபால் ஆபீஸுக்குப் போனார்கள். பிளாஸ்டிக் கிண்ணத்துப் பசையில் விரலை விட்டு உறையின் வாயில் தடவப் போனவளின் கையை சிவக்குமார் பிடித்தான். அவன் முகத்தைப் பார்த்ததும், டிசம்பர்த் தாள்களை எடுக்கச் சொல்லப்போகிறான் என்று நினைத்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேடையில் வைத்தான். டிசம்பர் எட்டு.

அதில் கோடு முருகனின் வேலையும் தாண்டியிருந்தது.

"அன்னைக்குப் பாத்ததும் பயம் வந்துருச்சு. கீழ போல்ட்டைத் தளத்தி ஒரு லிட்டரு வடிச்சிட்டேன். கோடு கொஞ்சம் எறங்குச்சு, ஓட்டிப் போயிட்டேன். கம்பெனி சீலு ஒட்டுன இன்ஜின்ல கை வச்சேன்னு தெரிஞ்சா போச்சுன்னுதான் ஒங்கிட்டகூடச் சொல்லலை."

அவளுக்குக் கோபப்பட நிறைய இருந்தது. ஆனால் பசை காய்ந்துகொண்டிருந்தது.

"வடிச்ச ஆயில் எங்க?"

மோட்டார் ரூமில், வெள்ளைக் கேனில், மூடியோடு இருக்கிறது என்றான். கீல்களுக்குத் தடவ ஆகுமே என்று கொட்டாமல் வைத்தானாம்.

கம்பெனிக்காரன் கைபடாத ஒரு லிட்டர். அதை யாரும் இனி மோந்து பார்க்க வேண்டியதில்லை. எந்தச் சோதனைக்கூடத்திலும் கொடுக்கலாம். அதே ஒரு லிட்டர், இவன் இன்ஜினில் கை வைத்தான் என்பதற்கும் சாட்சி. இரண்டையும் பிரிக்க முடியாது. நாகஜோதி கடிதத்தை வெளியே எடுத்து, தாள் கிடைக்கவில்லை என்ற வரியை ஸ்கேல் வைத்து அடித்தாள். ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டாள். பேனாவை அவனிடம் நீட்டினாள்.

"இதை நீங்க எழுதுங்க. நீங்க செஞ்சது."

சிவக்குமார் பள்ளிக்கூடத்தை விட்டபிறகு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. மேடைமேல் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, எட்டாம் தேதி காலை தானே வடித்ததையும், அந்த ஆயில் வீட்டில் பத்திரமாக இருப்பதையும், சாட்சி வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் எழுதினான். பின்னால் வரிசையில் நின்றவர் தொண்டையைச் செருமினார். அவன் நிமிரவில்லை. முடித்துப் பெயரை முழுசாகப் போட்டான். உறையிலுள்ள தாள்கள் இருபத்தொன்பது என்று கடிதத்தில் இருந்ததை அவள் முப்பது என்று திருத்தி, எட்டாம் தேதித் தாளை ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் செருகினாள்.

உறையை ஒட்டி, ஓரங்களை நகத்தால் இரண்டு தரம் அழுத்தினாள். ஸ்பீட் போஸ்ட் என்று சொல்லி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையும் வேண்டும் என்றாள். கவுண்டரில் இருந்த அம்மா உறையைத் தராசில் போட்டுவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டார்.

"காலண்டர் தாளு."

"புது வருசத்துதா?"

"இல்லம்மா. இந்த வருசத்துது, கிழிச்சது."

அந்த அம்மா ஒரு கணம் இருவரையும் பார்த்தார். பிறகு முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைப் பின்னால் திறந்துகிடந்த சாக்குப் பையில் போட்டார்.