அடியில் வைத்த குரல்

"எக்கோவை இன்னும் ஜாஸ்தி பண்ணு மதி—"

"ஜாஸ்தி பண்ணா, கிணத்துக்குள்ள இருந்து பாடற மாதிரி—"

"இருக்கட்டுமே! கிரிவலப் பாதையில எல்லாக் கடையிலயும் அப்படித்தான் போடறாங்க!"

"அதனாலதாண்ணா ஒரு வார்த்தையும் புரியல!"

"நாலு மாசம் கம்ப்யூட்டர் கிளாஸ் போயிட்டு எனக்கே பாட்டு சொல்லித் தர்றியா?"

வேங்கிக்கால் வீட்டின் சின்ன அறையில், பாட்டைப் பதிவு செய்திருந்த கம்ப்யூட்டர் முன்னால் அண்ணனும் தங்கையும் மல்லுக்கு நின்றார்கள். தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு செழியன் பாடிய முதல் பாட்டு அது. பௌர்ணமிக்குள் சிடி கடைக்குப் போயாக வேண்டும்.

"உன் குரலே போதும், கேளுண்ணா" என்று மதிவதனி மேளத்தையும் கீபோர்டையும் நிறுத்தினாள். எக்கோவையும் எடுத்துவிட்டு, அவன் குரலை மட்டும் ஓடவிட்டாள். பாட்டு மேலே ஏறும் இடத்தில் அது நடுங்கியது. செழியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எக்கோவை எதற்குக் கேட்டான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நேரம் வாயடித்தோமே என்றிருந்தது.

அவன் அந்தப் பாட்டை இரண்டு தடவை பாடிப் பதிவு செய்திருந்தான். வேண்டாமென்று ஒதுக்கியிருந்த இன்னொன்றையும் எடுத்து, முதலாவதற்கு அடியில் மெலிதாக வைத்தாள். ஒன்று தடுமாறிய இடத்தில் மற்றது தாங்கிப் பிடித்தது. மேளத்தைச் சேர்த்து, ஹெட்போனை அவனிடம் நீட்டினாள்.

செழியன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"மதி, என்கூட யாரும்மா பாடறது?"