சிவப்புப் பட்டை ஆமை

கெலிஓயாவில் முஹ்ஸினின் அலங்கார மீன் கடைக்கு மேலே ஒரு மண்டபம் இருந்தது. அங்கேதான் அவருடைய தங்கை மகள் ஷிபானா, வெளிநாட்டிலிருந்து வந்து நம் நீர்நிலைகளைக் கெடுக்கும் ஊர்வனவற்றை அடையாளம் கண்டு அறிவிக்கத் தொண்டர்களைப் பழக்கிவந்தாள். அந்தச் சனிக்கிழமை எல்லோரும் வந்தபோது கதவில் பூட்டுத் தொங்கியது.

"நான் விக்கிற ஆமையப் பழுது சொல்ல என்ட மண்டபமா?" என்றார் முஹ்ஸின், கதிரையை விட்டு எழும்பாமல்.

அவளுடைய வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு அவளைப் படிக்கவைத்தவர் அவர்தான். ஆனாலும் ஷிபானா சொன்னாள்: "அப்ப நாங்க வாய்க்காலடிக்குப் போறோம் மாமா."

வயலோர வாய்க்காலில் வெயில் ஏறியிருந்தது. ஷிபானா தொண்டர்களுக்கு விளக்கினாள்: "பிடிக்க வேணாம், கல்லெறியவும் வேணாம். படம் எடுத்து இடத்தோட அனுப்புங்க. நம்மட ஆமைக்குத் தலையில புள்ளி ஈக்கலாம். கண்ணுக்குப் பின்னால சிவப்புப் பட்டை ஈந்தா, அது வெளிநாட்டு ஆமை."

மடுல்கெல்லயிலிருந்து வந்து இங்கே மருந்துக்கடையில் வேலைபார்க்கும் சுதர்சினிதான் முதலில் கண்டாள். மரக்கட்டை மேல் சிவப்புப் பட்டையோடு ஒன்று கழுத்தை நீட்டி வெயில் காய்ந்தது. படமெடுத்தவள் போனைப் பார்த்துத் தயங்கினாள்.

"எங்கேருந்து வந்திருக்கும்னு படிவத்துல கேக்குதுக்கா. இந்தப் பக்கம் உங்க மாமா கடையில மட்டுந்தான் விக்கிறாங்க. போடவா, விட்டுறவா?"

பின்னால் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வயல் வரம்பில் முஹ்ஸின். ஷிபானா அவருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"போடுங்க. கடைப் பேரையும் போடுங்க."

"இதுக்கா நான் உன்னப் படிக்க வெச்ச?"

"இதுக்குத்தான் மாமா. படிச்சத வேற எங்க கொண்டு போய் வெக்கிற?"

"இனி எங்கட ஊட்டுப் பக்கம் வராதே."

ஷிபானா சுதர்சினியின் பக்கம் திரும்பினாள். "அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன்கா."

சில நாளில் அதிகாரிகள் வந்து வாய்க்காலில் வலை போட்டார்கள். கடைத் தொட்டியில் மிச்சமிருந்த குட்டிகளையும் எடுத்துப்போனார்கள். பெருநாளன்று மாமா வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை; உம்மா அழுதா. ஷிபானாவும் அழுதாள், ஆனால் மன்னிப்புக் கேட்டுப் போகவில்லை.

அடுத்த வகுப்பும் வரம்பிலேயே நடந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் கலையவில்லை, குடைகளை விரித்து நெருங்கி நின்றார்கள். வீதியில் போன பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலாக ஷிபானா குரலை உயர்த்திப் பேசினாள்.