ஸ்டோர் கதவில் ஒட்டிய தாள்

1969 நவம்பர் 13, வியாழன். சவம் எடுக்கும் நேரத்தைக் கீழ் டிவிசனில் நான்கு மணி என்று சொல்லிவிட்டேன். மூன்று மணிதான். தவறு என்னுடையது. உடனே போய்த் திருத்த வேண்டும்.

விசாலாட்சி பென்சிலைக் கொப்பிக்குள் செருகி, கொப்பியை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் தப்பு மேளச் சத்தம் நின்று நின்று கேட்டது. உள்ளே, அக்காள் புருஷன் ஜெயராசாவைக் கழுத்துவரை வெள்ளைத் துணியால் மூடிக் கிடத்தியிருந்தார்கள். அந்தத் துணியை விலக்க வேண்டாம் என்று பதுளை ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

குறுக்குப் பாதையில் சறுக்கிச் சறுக்கி இறங்கிப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள்: "நாலு மணி இல்லீங்க, மூணு மணி. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

"அதுக்கா இந்த மழையில ஓடி வந்த? யாரையாச்சும் சொல்லி அனுப்பப்படாதா?" என்றாள் ஒருத்தி.

"தப்பு என்னதுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள்.

திரும்பி மேடேறியபோது செத்தவனின் தாய் பேச்சியின் குரல் தண்ணீர்ப் பீலிவரைக்கும் கேட்டது. ஒப்பாரியின் நடுவே சொற்கள் தெளிவாக வந்து விழுந்தன.

"அடுப்புக்கு மேல காயப் போட்டியேடி! ஏம் புள்ளைய அடுப்புக்குக் குடுத்திட்டியேடி!"

அக்காள் ராமலட்சுமி சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். உள்ளங்கைகளில் ஆஸ்பத்திரியில் சுற்றிவிட்ட துணி. நெருப்பைக் கையாலேயே பிய்த்துப் போடப் பார்த்தவள் அவள்.

விசாலாட்சி அக்காளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தாள். எதிரே பத்துப் பெண்கள் இருந்தார்கள்.

திங்கட்கிழமை நடந்தது இது. களையை அழிக்கும் புல்லு மருந்து பீப்பா ஒன்று லொறியிலிருந்து இறக்கும்போது உருண்டு, ஸ்டோர் வாசலில் உடைந்தது. உப்பு மாதிரி வெள்ளைத் தூள். மழை ஈரத்தில் கரைந்து ஓடியது. மரத்தூள் போட்டுக் கூட்டி அள்ளலாம் என்றான் ஒருவன். பீப்பாயில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் தாளை ஸ்டோர் கிளாக்கர் ஹாஷிம் உரித்தெடுத்து, கொழுந்து நிறுக்க வந்த விசாலாட்சியிடம் நீட்டினார்.

"நீதானே அந்தி இங்கிலீஷ் வகுப்புக்குப் போற? எனக்கு லொறியை அனுப்பணும். இதைத் தமிழ்ல எழுதிக் கதவுல ஒட்டு."

வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம். இதுவரை யாரும் அவளிடம் எதையும் எழுதித் தரச் சொன்னதில்லை. ஸ்டோர் மேசையில் உட்கார்ந்து, அகராதியைப் புரட்டிப் புரட்டி, ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சரிபார்த்து எழுதினாள். மரத்தூள், சாக்குத்தூள், சருகு எதுவும் மருந்தோடு கலக்கக் கூடாது. கொட்டிய இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இந்த மருந்து பட்ட பொருளில் தீப்பிடித்தால் கம்பளி போட்டு மூடி அணைக்க முடியாது, நெருப்புக்கு வேண்டிய காற்று மருந்துக்குள்ளேயே இருக்கிறது, தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மருந்து பட்ட உடுப்பைக் காயுமுன் அலச வேண்டும், காய்ந்தால் ஒரு பொறி போதும்.

உடுப்பு என்று மட்டும் எழுதினால் எல்லாருக்கும் புரியுமோ என்ற சந்தேகம் வந்தது. பிரித்தே எழுதினாள்: சட்டை, சாரம், தலைத்துண்டு.

அவள் வாசித்துக் காட்டியதும், தூளை அள்ளிக்கொண்டிருந்த ஜெயராசாதான் முதலில் சிரித்தான். "என் கொழுந்தியா துரைசாணி ஆயிட்டாடா! இனிமே நமக்கு நோட்டீசுலதான் பேச்சு."

சிரித்தானே தவிர, சொன்னபடி செய்தான். மழையோடு மழையாகப் பீலியில் நின்று சட்டையை அலசினான். சாரத்தை அலசினான். தலைத்துண்டை இரண்டு தடவை பிழிந்தான். "சரியா, டீச்சரம்மா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டான். "சரிங்கத்தான்," என்றாள்.

தூள் அள்ளும்போது இடுப்பில் சுற்றியிருந்த படங்கை அவிழ்த்துக் கல்லின் மேல் வைத்திருந்தான். அது வெறும் சணல் சாக்கு. வேலைக்குப் போகும்போது உடுப்பு நனையாமல் இருக்க மேலே சுற்றிக்கொள்வது. தோட்டத்தில் யாரும் படங்கை அலசுவதில்லை. சாயங்காலம் அடுப்புக்கு மேலே இருக்கும் கம்பியில் போட்டால் காலையில் விறைப்பாகக் காய்ந்திருக்கும். ராமலட்சுமி அதை எடுத்து, எல்லா நாளும் போடுகிற கம்பியில் போட்டாள். விசாலாட்சியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் ஜெயராசா படங்கைச் சுற்றிக்கொண்டு, தேத்தண்ணிக்காக அடுப்புக்கு முன்னால் குந்தினான். அக்காள் ஊதாங்குழலை வைத்து ஒரு ஊது ஊதினாள். ஒரு பொறி பறந்தது. அவ்வளவுதான். சாக்கு எரிந்தது போலவே இல்லை. ஒரே வெள்ளை வெளிச்சம், சீறல். பக்கத்து வீட்டுக்காரர்கள் கம்பளியைப் போட்டு அமுக்கினார்கள். கம்பளிக்கு அடியிலும் எரிந்தது. "தண்ணி! தண்ணிதான்!" என்று கத்தினாள் விசாலாட்சி. வீட்டில் இருந்தது ஒரு வாளித் தண்ணீர். பீலி நாற்பது தப்படி தூரம்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். லயத்து முடக்குவரைதான் பெண்கள் போகலாம். அங்கே நின்றபோது ஹாஷிம் குடையோடு வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"மனசு கஷ்டமாத்தான் இருக்கு புள்ள. ஒனக்கு ஒண்ணும் வராது. தாள்ல எல்லாம் தெளிவா இருக்கு. தொரை ரிப்போட் கேட்டாரு, வீட்டு ஆளுங்க கவனமில்லாம அடுப்புல போட்டதுன்னு எழுதிட்டேன். நாளைக்கு அனுப்பணும்."

"அக்கா பேரு போட்டிருக்கீங்களா?"

"பொஞ்சாதின்னுதான் போட்டிருக்கு."

தப்புச் சத்தம் தேயிலைக்குள் இறங்கி மறைந்தது. பெண்கள் குளிக்கப் பீலிக்குத் திரும்பினார்கள். விசாலாட்சி மட்டும் ஸ்டோருக்குப் போனாள். கதவில் தாள் அப்படியே இருந்தது. ஓரங்கள் மட்டும் ஈரத்தில் உப்பியிருந்தன. விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். சட்டை, சாரம், தலைத்துண்டு. மீண்டும் மேலிருந்து படித்தாள். தலைத்துண்டுக்குப் பிறகு பாதி வரி வெறுமையாக இருந்தது. எழுத இடம் இருந்திருக்கிறது.

அவள் வந்தபோது பீலியில் அக்காள் மட்டும் இருந்தாள். துணி சுற்றிய கைகளை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் தண்ணீருக்குக் கொடுத்திருந்தாள். விசாலாட்சி தண்ணீரைக் கையில் ஏந்தி அவள் முதுகில் ஊற்றினாள்.

"அக்கா."

"ம்."

"அந்தத் தாள்ல நான் படங்கை எழுதல. சட்டை எழுதினேன், சாரம் எழுதினேன், துண்டு எழுதினேன். எழுதினதெல்லாத்தையும் அத்தான் அலசிச்சு. நான் எழுதியிருந்தா அதையும் அலசியிருக்கும். நீ கம்பியில போட்டப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

ராமலட்சுமி தண்ணீருக்கு அடியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. பிறகு ஒன்னய ஒண்ணும் எழுதச் சொல்ல மாட்டாங்க."

"அத்தை ஒன்னயத்தானே சொல்றாங்க."

"புள்ளையப் பறிகுடுத்தவ. யாரையாச்சும் சொல்லத்தான் செய்வா."

"ரிப்போட்டுலயும் அப்பிடித்தான் எழுதியிருக்காம். நாளைக்கு அனுப்புறாங்களாம்."

அக்காள் ஈரச் சேலையோடு வீட்டுக்கு நடந்தாள். விசாலாட்சி பின்னால் போனாள். உள்ளே அடுப்பு குளிர்ந்து கிடந்தது. மேலே கம்பியில் இரண்டு படங்குகள் தொங்கின, ஒன்று அக்காளுடையது, ஒன்று விசாலாட்சியுடையது. ராமலட்சுமி துணி சுற்றிய கைகளின் விளிம்பால் இரண்டையும் நெம்பி இழுத்துக் கீழே போட்டாள். கால் விரலால் வாசல்வரை தள்ளினாள்.

"அலசிக்கிட்டு வா," என்றாள்.

பேச்சி மூலையில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

படங்குகளைப் பிழிந்து பிழிந்து விசாலாட்சிக்குக் கை வலித்தது. ஏழெட்டுத் தடவை பிழிந்தாள். தண்ணீர் ஒவ்வொரு தடவையும் தெளிவாகத்தான் வந்தது. வெளியே கொடிக்கம்பியில் போட்டுவிட்டு வந்து, அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து கொப்பியை எடுத்தாள். காலையில் எழுதியதற்குக் கீழே எழுதினாள்:

நாளை, வெள்ளி. காலை ஐந்தே முக்காலுக்கு, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் இருக்க வேண்டும். பேர் கூப்பிடுமுன் தாளை எல்லாருக்கும் வாசித்து, படங்கு விட்டுப்போனதையும் எழுதியது நான் என்பதையும் சொல்ல வேண்டும். ரிப்போட் போகுமுன் கிளாக்கரிடமும் சொல்ல வேண்டும். புதுத் தாள் ஒட்ட வேண்டும். பசை பக்கத்து வீட்டில் காய்ச்சிக்கொள்ள வேண்டும், நம் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை.